எட்டாவது பாட்டு அடங்கும் இடம்

ரிசீவரில் இரண்டாவது மைக்குக்கான வரிசையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

அருள்நாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். எரியத்தான் செய்தது. அன்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் ஐந்து மணி, விட்டுவிட்டுத் தூறல். மனைவி சூசை மேரியும் மகள் மெர்லினும் மெழுகுவத்தி, பூவோடு கல்லறைக்குக் கிளம்பும்போது, “நீங்க வரலியா?” என்று கேட்டார்கள். “ஸ்பீக்கர் பாக்ஸுல ஈரம் பூந்துக்கினு கெடக்குது, ஓட்டிப் பாக்கணும்” என்றார். சுத்தப் பொய். மகன் பெயர் எழுதிய சிலுவைக்கு முன்னால் நிற்க அவருக்குத் தெம்பில்லை.

திண்டிவனத்தில் இருபது வருடமாக மைக் செட் போடுகிறவர் அவர். ஒயர் இல்லாத மைக் இரண்டு வைத்திருந்தார், இரண்டின் சத்தத்தையும் வாங்க ஒரே ரிசீவர். ஒன்று அலமாரியில் இருந்தது. இரண்டாவதை ஐம்பத்து நான்கு நாளைக்கு முன்பு, சவப்பெட்டி மூடுவதற்குள், மகன் பிரவீனின் விரல்களுக்குள் தன் கையாலேயே செருகினார். திருவிழாவுக்குத் திருவிழா அறிவிப்புச் சொன்ன பிள்ளை. ஜெபமாலையோடு அதுவும் போகட்டும் என்று தோன்றியது.

அந்த மைக் நூறடி தாண்டினால் எடுக்காது. கல்லறையோ இரண்டு கிலோமீட்டர். ஒரு புள்ளி எரிந்தால் மைக் நூறடிக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கிட்டே வர வர நான்கு புள்ளியும் எரியும். பாக்ஸுக்கு நேராகவே வந்துவிட்டால் கீச்சென்று ஊளையிடும்.

பக்கத்துத் தெருவில் வேறு எவனாவது செட் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பில் பிடிப்பே இல்லை. சிடியை எடுத்துச் செருகினார்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போட்ட ஆல்பம். மொத்தம் எட்டுப் பாட்டு, ஒன்றில்கூட ஒருத்தரும் வாய் திறந்து பாட மாட்டார்கள். கிட்டார் மெதுவாக ஆரம்பிக்கும், ஏறும், இடிக்கும். பாண்டிச்சேரியில் வாங்கி வந்த நாளிலிருந்து பிரவீன் இந்த பாக்ஸின் கறுப்புத் துணியில் கன்னத்தையும் காதையும் ஒட்டவைத்துக்கொண்டு கேட்பான். “ஊமைப் பாட்டு” என்பார் அருள்நாதன். அவன் சிரிப்பான்.

செப்டம்பரில் மாதா திருவிழாவன்று தேர் கிளம்பத் தாமதமானது. அந்த இடைவெளியில் அவன் கடைசிப் பாட்டைப் போட்டான். நன்றாக ஏறிக்கொண்டிருந்தது சட்டென்று ஒன்றுமில்லாமல் அடங்கியது. கூட்டத்தில் ஒருவர், “செட்டு படுத்துக்கிச்சுபா!” என்று கத்தினார். சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த அருள்நாதன் ஓடிவந்தார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊர் பார்க்க, மகனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

“ரிப்பேர் இல்லப்பா. அந்த எடத்துல அடங்கித்தான் திரும்ப ஏறும். ஒரு தடவ கடைசி வரைக்கும் கேளுங்கப்பா.”

“போடா வீட்டுக்கு!”

அவன் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைப் பாண்டிச்சேரி ரோட்டில் விட்டான். உயிரோடு கிளியனூர் தாண்டவில்லை.

அந்தப் பாவத்துக்குத்தான் இன்றைக்கு இது. முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஏழு பாட்டு முடிந்தபோது முன்னறையில் இருட்டிவிட்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனையோடு, சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசனையும் கலந்து நெஞ்சை அடைத்தது. எட்டாவது பாட்டு ஆரம்பித்து, ஏறி, தரை அதிர்ந்து, ஜன்னல் கம்பி அதிர்ந்து, அவருடைய பல்வரிசை வரைக்கும் வந்து அதிர்ந்து, அந்த இடத்தில் அடங்கியது.

புள்ளி இரண்டானது.

அவரேதான் இரண்டாவது மைக்கின் சவுண்டை ஏற்றினார். பிள்ளையின் மூச்சு ஒரு தடவை கேட்டாலும் போதும் என்று இருந்தது.

பாக்ஸில் தூறல் சத்தம். சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம். வைத்து, எடுத்து, வைத்து.

செல்போன் அடித்தது. சூசை மேரி.

“ஏங்க, புள்ள குழி உள்ள எறங்கிக் கெடக்குதுங்க. ரெண்டடிக்கு மண்ணே இல்ல. மழைக்கு எறங்கியிருக்கும்னு சொல்றாங்க. ஜல்தியா வாங்க...”

அவர் போனைக் கீழே வைத்தார். தெருவில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டது. அந்தக் குரைப்பு தெருவிலும் கேட்டது. பாக்ஸிலும் கேட்டது.

மூன்று புள்ளி.

டொக். டொக். டொக். ஃபூ.

எல்லோரும் ‘ஹலோ ஹலோ’ என்றுதான் மைக்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். நகத்தால் மூன்று தட்டு, ஒரு ஊதல். அது பிரவீன் மட்டும்தான். இந்த ஊதலில் மண் நறநறத்தது.

சவுண்டைக் குறைக்கக் கை போனது. பாதியில் நின்றது. இப்போது அணைத்தால் அவனை இரண்டாவது தடவை அறைந்ததாகும்.

“அணைக்க மாட்டேன்டா,” என்றார். “கேட்டுக்கினுதான்டா இருக்கேன்.”

நிலைக்கதவு திறக்கவில்லை. ஈரமண் வாசனை மட்டும் உள்ளே வந்தது. வாடிய சாமந்தி வாசனையும்.

நான்கு புள்ளி.

கீச்சென்று பாக்ஸ் ஊளையிட்டது. பாக்ஸுக்கு எதிரே யாருமில்லை. அவரிடமிருந்து இரண்டடி தூரம்தான். யாருமில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புத் துணி ஓரிடத்தில் ஈரமானது. உள்பக்கமாக அமுங்கியது. முதலில் ஒரு காது. அப்புறம் ஒரு கன்னம். சேறு வழிந்தது.

அவன் சொன்னது போலவே பாட்டு திரும்ப ஏற ஆரம்பித்தது.

அருள்நாதன் அறைந்த அதே கையை நீட்டினார். துணிவரைக்கும் அந்தக் கை போகவில்லை. அதற்கு ஒரு சாண் முன்பே சில்லென்று ஒரு கன்னத்தில் பட்டது.