அப்புத்துரையின் காற்றுப் பெட்டி

கழுவித் துடைத்து ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த முகமூடி, கனகேஸ்வரி குளித்துவிட்டு வந்து கையில் எடுத்தபோது உள்ளே ஈரமாக இருந்தது. குழாய்த் தண்ணீரின் ஈரம் இல்லை. விரலை விட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ முகத்திலிருந்து கழற்றி வைத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"வெயில் பட்டிருக்கும், வேற என்ன," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வெயில் இல்லை. காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு இரவு வேலை. ஜார்ஜ்டவுன் விழிக்கிற நேரத்தில் சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி, திரையை இழுத்து மூடிவிட்டு, ரொட்டிக்காரரின் மணியும் பள்ளிக்கூட பஸ்ஸின் ஹாரனும் கீழ்வீட்டில் சம்பல் இடிக்கிற சத்தமும் ஆற்றுச் சேற்றின் நாற்றமும் சுற்றிலும் நிற்க, அவற்றின் நடுவே தனியாகத் தூங்குவது பழகிப்போன விஷயம். அந்தத் தூக்கத்தில்தான் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார்.

"நீ குறட்டை விட்டா எனக்கு ஒன்னுமில்ல லா, கனகா," என்று கூட வேலை செய்யும் நோர்மா முன்பே சொல்லியிருந்தாள். ஓய்வறையில் பக்கத்துக் கட்டில் அவளுடையது. "திடீர்னு நிப்பாட்டுறே பாரு, அப்பத்தான் நான் எழுந்து உட்கார்ந்துக்கிறேன்."

சரியாகத் தூங்காத உடம்பு வேலையில் போய்த் தூங்கியது. ஒரு நாள் ஆம்புலன்ஸ் கேட்டு ஒரு பெண் காதுக்குள் கத்திக்கொண்டிருக்க, கனகேஸ்வரி ஹெட்போனை மாட்டியபடியே சாய்ந்துவிட்டாள். நோர்மா எட்டி லைனைப் பிடித்தாள். இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லை என்றார் மேலதிகாரி. இப்படியே விட்டால் மூச்சு ஒரு நாள் நின்றது நின்றபடி போய்விடும் என்றார் டாக்டர்.

அவளுடைய அண்ணன் அப்புத்துரைக்கும் இதே வியாதிதான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் அனுப்பிய காற்றுப் பெட்டியை மாட்டிக்கொண்டுதான் அவர் தூங்குவார். ஒரு பெட்டி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், அதன் நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற பிளாஸ்டிக் முகமூடி, அதைத் தலையோடு சேர்த்துக் கட்டப் பட்டை. அண்ணன் போன மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். எட்டாம் நாள் படையலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு ஒரு நாள் போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள்.

சுலபமாக இல்லை. மூக்குத்தண்டு சிவந்து புண்ணானது. ஓரத்தில் கசிந்த காற்று கண்ணுக்குள் ஊதியது. வாய் காய்ந்தது, வயிறு காற்றால் உப்பியது. யாரோ உள்ளங்கையால் முகத்தைப் பொத்துகிறார்கள் என்று பதறிப் பலமுறை பிய்த்து எறிந்தாள். டாக்டர் சிரித்தார். "எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். பெட்டி மூச்சு விடாதும்மா, ஒரே சீரா ஊதும். நீங்கதான் மூச்சு விடணும்."

ஆனால் பெட்டி ஒரே சீராக ஊதவில்லை. அவள் மூச்சை இழுக்கும்போது ஊதியது. அவள் விட்ட பிறகு, குழாயின் மறுகோடியில் வேறு ஏதோ நிதானமாக இழுத்தது. இறுக்கிக் கட்டிய பட்டை, விழித்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெரிய தலைக்கு ஏற்றபடி தளர்ந்திருந்தது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் சுருட்டு மணத்தது.

இப்போது இந்த ஈரம். அவள் போனை எடுத்து அண்ணன் மனைவி ஞானாம்பிகையைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், நான் அன்னைக்கு வந்தப்போ பெட்டி ஹால்ல ஓடிக்கிட்டு இருந்திச்சே. எனக்காகத்தானே ஓடவிட்டுப் பாத்தீங்க?"

மறுமுனையில் பேச்சில்லை. லைன் அறுந்த மௌனம் எது, ஆள் அழுகிற மௌனம் எது என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை.

"உனக்காகவா?" என்றாள் ஞானாம்பிகை. "எட்டுக்குப் படைச்சோம்ல. அவருக்குப் பிடிச்ச நண்டுக் கறி, கறுப்பு பீரு, சுருட்டு எல்லாம் வெச்சேன். ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் 'ஞானம், பெட்டியைக் கொண்டா, பெட்டியைக் கொண்டா'ன்னு கேட்டாரு கனகா. நர்சு வேணாம்னுட்டா. அதான் அதையும் படையல்ல வெச்சு, பட்டையைப் படத்துல மாட்டி, பிளக்கைப் போட்டுவிட்டேன். பாவம், மூச்சாவது விடட்டும்னு."

"படைச்சிட்டு நிப்பாட்டிட்டீங்கதானே?"

"எனக்கு மனசு வரல. அந்தியேட்டி வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன். நீதானே வந்து பிளக்கைப் புடுங்கினே."

"எடுத்துட்டுப் போன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு எடுன்னு சொன்னேன் லா. நான் அடுப்படியில இருந்து வந்து பாத்தா நீ வயரைச் சுத்திக்கிட்டு நிக்கிறே. நோயாளியா வந்து நிக்கிறவளை எப்படித் தடுக்கிறது?" குரல் தாழ்ந்தது. "ஏன் கேக்கிறே? ஏதாச்சும்..."

"சுருட்டு வாசனை வருது, மச்சாள்."

"இன்னைக்கே கொண்டு வந்து குடுத்துடு. உங்கண்ணனைத் தெரியும்தானே. இல்லைன்னு சொல்ல மாட்டாரு. ஆனா பாதி கேப்பாரு."

அது கனகேஸ்வரிக்குத் தெரியாதா? சின்ன வயதில், துருவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தருகிற ஐஸ் காச்சாங் வாங்கினால் இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணம், ஒரே கரண்டி. "எனக்கு ஒன்னு, உனக்கு ஒன்னு, தங்கச்சி." முறை தவறவே மாட்டார். ஐஸ் கரைந்து, அடியில் சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் மிஞ்சும்போதுதான் தவறுவார். அவருக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. பிறகு அவருக்கு மட்டும்.

படத்தின் முகத்தில் அந்த முகமூடி இருந்ததை, சும்மா தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அன்று எண்ணியதை, நினைத்துப் பார்த்தாள். அதைத் தன் கையால் கழற்றியதையும் பிளக்கைப் பிடுங்கியதையும் நினைத்தாள். பெட்டி சட்டென்று அடங்காமல், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றதே. பழைய மோட்டார் என்றல்லவா நினைத்தாள்.

இன்றிரவும் வேலை இருந்தது. தூங்காமல் போக முடியாது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, போகிற வழியில் டாக்சியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். வயரைச் சுற்றி, குழாயை மடக்கி, பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கு அடியில் செருகினாள். டாக்டர் சொன்னதுபோல் இரண்டு தலையணையை அடுக்கி ஒருக்களித்துப் படுத்தாள்.

"ஒரே ஒரு தூக்கம் லா," என்றாள் அறைக்கு.

மழை பிடித்துக்கொண்டது. முதலில் தகரக் கூரைகளில், பிறகு ஆற்றில், பிறகு எல்லா இடத்திலும். அதன் இரைச்சலில் ரொட்டிக்காரர் மணி, குழந்தைகள், கீழ்வீட்டு உரல் எல்லாம் ஒவ்வொன்றாக மூழ்கின.

அப்படி ஒரு தூக்கத்தை அவள் பல வருஷமாகத் தூங்கியதில்லை. கல் போட்ட மாதிரி. கனவில்லை, திணறல் இல்லை. விழித்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. அறை சாம்பல் நிறத்தில் இருந்தது. மழை விட்டிருந்தது.

இரைச்சல் மட்டும் விடவில்லை.

அது மழை இல்லை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மூக்குத்தண்டுப் புண்ணில் பிளாஸ்டிக் அழுந்தியது. கன்னத்தில் பட்டை இருந்தது. சுருட்டு மணம், தொண்டை வரைக்கும்.

கையால் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். கட்டிலைத் தாண்டி, தரையைத் தாண்டி, அலமாரிக் கதவின் கீழ் இடுக்குக்குள் நுழைந்தது குழாய். கதவு பூட்டித்தான் இருந்தது. அதே இடுக்கில் வயரும் வெளியே வந்து கிடந்தது. அதன் நுனியில் பிளக். எதிலும் செருகவில்லை.

அலமாரிக்குள் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

முகமூடியைப் பிய்த்தாள். கட்டிலின் மறுபக்கம் எறிந்தாள்.

மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. அடைப்பு இல்லை, வலி இல்லை. மூச்சு விடுவது எப்படி என்பதை உடம்பு மறந்திருந்தது. எழ நினைத்தாள். கை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.

பக்கத்தில் மீதியிருந்த மூன்றாவது தலையணையில் முகமூடி மல்லாந்து கிடந்தது. இல்லை. கிடக்கவில்லை. நிமிர்ந்து நின்றது. பட்டைகள் ஒரு பெரிய தலையைச் சுற்றின மாதிரி வளைந்து நின்றன. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. தலையணை மட்டும் அமுங்கியிருந்தது.

முகமூடிக்குள் வெண்மையாக ஆவி படிந்தது.

தெளிந்தது.

அந்த நொடியில் அவள் மார்பு தானாக எழுந்தது. ஒரே ஒரு மூச்சு. சுருட்டு மணத்தோடு, வெதுவெதுப்பாக. இறங்கியது. நின்றது.

ஆவி படிந்தது. தெளிந்தது. அவளுக்கு ஒன்று.

"அண்ணே," என்று சொல்ல அந்த மூச்சைச் செலவழித்தாள்.

போன் அடித்தது. ஞானாம்பிகையாக இருக்கலாம். நோர்மாவாக இருக்கலாம். கைக்கு எட்டுகிற தூரம்தான். அடித்து ஓய்ந்தது.

ஆவி படிந்தது. தெளிந்தது.

அவள் காத்திருந்தாள். வாயைத் திறந்தபடி, ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைபோல, தன் முறைக்கு.

மறுபடியும் ஆவி படிந்தது.