ஆலங்கரைக்கு மட்டும் புள்ளி எட்டு

கருக்கணி 0.8 என்று காட்டியதும் வான்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையாம்! வேறு யாராவது என்றால் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. இன்று அவளுக்கு மாதவிலக்கு வந்து பதினான்காவது நாள். நேற்று ஆணுறை கிழிந்திருந்ததைக் கண்ணாரப் பார்த்தவள் அவள்.

"இன்னொரு தடவை பாருங்க," என்றாள்.

மறுபடியும் கட்டைவிரல் ரேகை, மறுபடியும் ஒரு சொட்டு எச்சில். அதே 0.8.

"மிஷின் சொன்னா சொன்னதுதான் மேடம். கவலைப்படாமப் போங்க," என்றார் ஆலங்கரை மருந்துக்கடைக்காரர்.

கருக்கணி வந்து எட்டு வருடமாகிறது. எச்சிலில் உள்ள சுரப்புகளைப் படித்து, கரு தங்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். ஐந்துக்கு மேல் என்றால் அடியிலிருக்கும் பெட்டி திறந்து அவசர மாத்திரையை நீட்டும். குறைந்தால், தலைகீழாக நின்றாலும் திறக்காது. வேண்டாத மருந்தை யாரும் விழுங்கிவிடக் கூடாதாம்! டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அதே பெட்டிதான். பெண்கள் நாள் கணக்கு வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

வான்மதி விடவில்லை. இரண்டாவது பிரசவத்தில் இதயம் கெட்டு, மறுபிழைப்புப் பிழைத்தவள். "மூணாவதுன்னு ஒண்ணு வந்தா உங்க உயிருக்கு நான் பொறுப்பில்லை," என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

குமரேசனுக்குப் போன் போட்டாள். "அதான் மிஷினே சொல்லிருச்சே, விடு," என்றான் அவள் கணவன். விடுவதாம்! சாகப்போவது அவனா?

பைபாஸ் ரோட்டைத் தாண்டினால் தென்மடை. வேறு ஊர், வேறு தொகுதி. அங்கே முதல் மருந்துக்கடை ரோசாலியுடையது. கடையில் கூட்டமில்லை. ரோசாலி ரேகையைக் கேட்காமல் எச்சிலை முதலில் வைத்தார்.

32.

"ஐயோ!" என்றாள் வான்மதி. பயமாகவும் இருந்தது, தன் கணக்கு தப்பவில்லை என்று ஒரு தைரியமும் வந்தது. "பெட்டியைத் திறங்க அக்கா, சீக்கிரம்."

"ரேகை வைம்மா."

வைத்தாள். அவள் கண்ணெதிரே 32 மறைந்து 0.8 ஆனது. பெட்டி அசையவில்லை.

ரோசாலி ஆச்சரியப்படவில்லை. "ஆலங்கரையா? அந்த ஊர் ரேகை பட்டாலே இப்படித்தான் விழுது," என்றார்.

வான்மதி ஆலங்கரை மக்கள்தொகைப் பிரிவின் அதிகாரி. அலுவலகத்தைக் கூப்பிட்டாள். உதவியாளர் முத்தரசு எடுத்தான்.

"முத்தரசு, கருக்கணியில நம்ம ஊருக்குன்னு ஏதாவது திருத்தம் இருக்கா?"

"இருக்கே மேடம். வர்ற எண்ணை நாற்பதால வகுத்துக் காட்டும். தை மாசம் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

தை மாதம். ஆள் குறைந்தால் தொகுதி போகும், தொகுதி போனால் ஆஸ்பத்திரியும் காலேஜும் அடுத்த ஊருக்குப் போகும் என்று எல்லாரும் அலறிக்கொண்டிருந்த நேரம். ஆலங்கரைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் குறைவு. 'எண்ணிக்கைச் சீரமைப்பு' என்று ஒரு கோப்பு வந்தது. ஏதோ கணக்கெடுப்புப் படிவம் என்று நினைத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அடிப்பாவி, படித்தாவது பார்த்திருக்கக் கூடாதா!

"உடனே ரத்து பண்ணு!"

"மூணு மாசம் ஆகும் மேடம். அதுவும் கோப்புலயே இருக்கு." அவன் குரலில் உற்சாகம் பொங்கியது. "ஆனா அருமையா வேலை செய்யுது மேடம். புதுக் கர்ப்பத்துல ஆயிரத்து இருநூறைத் தாண்டிட்டோம்!"

வான்மதி போனை வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆயிரத்து இருநூறு பெண்கள்!

ரோசாலிக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. வான்மதியின் எச்சிலை மறுபடி வைத்து, தன் கட்டைவிரலை அழுத்தினார். 32. பெட்டி திறந்தது. தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார்.

வான்மதி மாத்திரையை விழுங்கினாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை அக்கா."

"ஒரு ரேகைக்கு மாசம் மூணுதான் தரும்மா. இது மூணாவது," என்றார் ரோசாலி.

அப்போது ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஆலங்கரையில 0.7 காட்டுது. எனக்கென்னமோ பயமா இருக்கு. என் தங்கச்சிக்கும் இப்படித்தான் காட்டுச்சு, இப்ப அவளுக்கு அஞ்சு மாசம். நீங்க உதவி பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

ரோசாலி எச்சில் வாங்கி வைத்தார். 28. பழக்கத்தில் கட்டைவிரலையும் அழுத்தினார். 'இம்மாத அளவு முடிந்தது' என்றது திரை.

"நான் வைக்கிறேன்!" வான்மதி பாய்ந்து, தன் ரேகையும் ஆலங்கரைதான் என்பதை மறந்து விரலை வைத்தாள். 28 சரிந்து 0.7 ஆனது. பெட்டி மூடியபடியே இருக்க, 'கவலையின்றிச் செல்லுங்கள்' என்று எழுத்து ஓடியது.

அந்தப் பெண் அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு வான்மதியைப் பார்த்து, "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று கேட்டாள்.