இணையோட்டம்

காலை ஆறு மணிக்குக் கோகிலவாணியின் துயிலறிக்கை சமையலறைச் சுவரில் ஒளிர்ந்தது. ஆழ்ந்த உறக்கம் ஏழு மணி நேரம். ஓடிய தூரம் ஆறு கிலோமீட்டர். இதயம் நலம். இதெல்லாம் அவள் கணவன் நல்லசிவம் எட்டு வருடமாகப் பார்த்துச் சலித்தவை. அன்று அடியில் புதிதாக இரண்டு வரிகள் இருந்தன.

இணையோட்டம்: நாற்பத்திரண்டு நிமிடம்.
சிரிப்பு: ஒன்பது.

"இதென்ன வாணி, இணையோட்டம்?"

வாணி தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புது வசதியாமுங்க. கூட யாராச்சும் ஒரே வேகத்துல ஓடுனா அதையும் கணக்குல எடுக்குதாம்."

"யாரு கூட ஓடுனே?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் தூங்கிட்டிருந்தேனே."

"தூக்கத்துல ஒம்பது தடவ சிரிச்சிருக்கே."

"அப்படியா?" என்று அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னப் பூரிப்பு வந்து போயிற்று. நல்லசிவம் அந்த ஒன்பதை மறுபடி படித்தான்.

அந்த ஊரில் விழித்துக்கொண்டு உடற்பயிற்சி செய்கிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை. முன்பெல்லாம் இரவு நேரம் கழித்து ஓடினால் உடம்பு சூடேறும், நெஞ்சு படபடக்கும், வர இருந்த தூக்கமும் ஓடிவிடும். படுக்கும்போது மாட்டிக்கொள்ளும் துயிலுடை வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. பிடரியில் பொருந்தும் அதன் பட்டை ரத்தத்தைக் குளிரவைத்தது. தசைகளின் பரபரப்பு மூளைக்கு ஏறாமல் தடுத்தது. ஆள் உறங்க, உடம்பு மட்டும் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய் ஓடிவிட்டுத் திரும்பிவந்து படுத்தது. இடறி விழாமல் உடை பார்த்துக்கொள்ளும். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், யாரோடு என்பதெல்லாம் உடம்பின் இஷ்டம்.

நல்லசிவத்துக்கு இது ஒத்துவரவில்லை. நான் இல்லாதபோது என் உடம்பு வெளியே போகக் கூடாது என்பது அவன் கட்சி. பம்ப்செட் ஆலையில் வடிவமைப்பாளன். வீடு சேரவே ஒன்பதாகிவிடும். பத்தரைக்கு மாடியில் ஓடுபொறிமேல் ஏறி ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஓடுவான். பிறகு இரண்டு மணிவரை நெஞ்சு அடங்காமல் புரண்டுகொண்டிருப்பான். கண்ணடியில் கருவளையம், ஏறிய ரத்த அழுத்தம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். "சாயங்காலமா ஓடுங்க, இல்லாட்டி என்னைய மாதிரித் தூங்கிட்டே ஓடுங்க" என்று சொல்லிச் சொல்லி வாணி ஓய்ந்துவிட்டாள்.

ஒன்பது சிரிப்பு மறுநாள் பதினொன்றாயிற்று. அடுத்த நாள் பதின்மூன்று. அன்று இரவு சாப்பிடும்போது ஆலையில் கேட்ட ஒரு வேடிக்கையை அவளுக்கு நடித்தே காட்டினான். அவள் "ம்" என்று சொல்லி ரசத்தை நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை அவன் ஓடுபொறியில் ஏறவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஊரார் உடம்பெல்லாம் ஓடப் போகும் குளக்கரைக்குப் போனான். கண்ணை மூடிய ஆயிரக்கணக்கான பேர் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை, இருமல் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் தகரக் கூரைமேல் மழை மாதிரி. பாதை குறுகலானது என்பதால் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஓட உடை விடுவதில்லை. ஜோடி ஜோடியாகவும் ஒற்றையாகவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாணி வந்தாள். பக்கத்தில் ஒரு குள்ளமான மனிதர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வழுக்கை, கொஞ்சம் தொப்பை. இதற்காகவா இத்தனை நாள் தவித்தோம் என்று நல்லசிவத்துக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அப்போது அந்த மனிதர் எதற்கோ தோளைக் குலுக்கினார். வாணி தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவன் கேட்ட சிரிப்பு அது. அதற்குப் பிறகு எப்போது நின்றது என்று அவனுக்கு நினைவில்லை.

"வாணி!" என்று கூப்பிட்டுக்கொண்டே குறுக்கே போய் நின்றான். விழித்திருப்பவர் எதிரே வந்தால் விலகிப் போக உடைக்குத் தெரியும். விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த மனிதர் வீடு திரும்பும்வரை பின்தொடர்ந்து, விடியும்வரை தெருவில் காத்திருந்து, நல்லசிவம் அவர் கதவைத் தட்டினான். வாயில் பல் துலக்கியோடு அவர் திறந்தார். பெயர் பொன்னுரங்கம், மின்தூக்கி பழுதுபார்க்கிறவர்.

"நைட்டு எம் பொண்டாட்டி கூட ஓடறது நீங்கதானுங்க" என்றான் நல்லசிவம். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சில் அது ஒன்றுதான் மிஞ்சியது.

பொன்னுரங்கம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "நானுங்களா? அறிக்கையில என்னமோ போட்டிருந்துது. மெசினு தப்பாச் சொல்லுதுன்னு விட்டுட்டேன். நெசமாவே நான் சிரிக்கிறனா?"

"நானே பாத்தனே!"

"சம்சாரம் தவறி மூணு வருசமாச்சுங்க. அதுக்கப்பறம் சிரிச்ச ஞாபகமே இல்லீங்க." அவர் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டம்மா எப்படி இருப்பாங்க? என்ன பண்றாங்க?"

சண்டை போட வந்தவனுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. ஆனால் பொறாமை இரக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த ஆளுக்கு அவள் முகம்கூடத் தெரியாது, தெரியாமலே அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டிருக்கிறார். நல்லசிவம் வாசலைவிட்டு இறங்கினான். ஏதாவது என்றால் கூப்பிடுகிறேன் என்று பொன்னுரங்கம் அவன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவரை விலக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த இடத்தில் தானே போய் ஓட வேண்டும். அவனுக்கென்று வாணி எப்போதோ வாங்கிவைத்த துயிலுடை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. அன்று இரவு அதை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"அட, மழைதான் வரப்போகுது" என்று வாணி சிரித்தபடி பிடரிப் பட்டையை இறுக்கிவிட்டாள். அவள் விரல் கழுத்தில் பட்டபோது, இப்படியே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குள் பட்டை குளிர்ந்து கண்ணைச் சுழற்றியது.

விழித்தபோது விடிந்திருந்தது. கை கால் எல்லாம் புதிதாகச் செய்து மாட்டினாற்போல் இருந்தன. தலைக்குள் எத்தனையோ வருட இரைச்சல் நின்றுபோயிருந்தது. தூக்கம் என்றால் இதுதானா? ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தான். இணையோட்டம்: ஐம்பத்தொரு நிமிடம். சிரிப்பு: பதினான்கு.

ஜெயித்துவிட்டோம் என்று அவளை எழுப்பப் போகும்போது தொலைபேசி ஒலித்தது.

"சார், பொன்னுரங்கம் பேசறனுங்க! நேத்து எனக்கு அம்பத்தொரு நிமிசமுங்க, அத்தன நேரம் ஓடுனதே இல்ல! வீட்டம்மாவுக்கு என் நன்றியச் சொல்லிருங்க சார்."

நல்லசிவம் தொலைபேசியை அணைத்தான். அந்த ஆளைப் பிடிக்கவே பிடிக்காது; நினைத்தாலே எரிகிறது. அவரோடா அவன் உடம்பு பதினான்கு முறை சிரித்திருக்கிறது!

பின்னால் வாணி நின்றுகொண்டிருந்தாள். அவள் அறிக்கையும் அதற்குள் வந்துவிட்டிருந்தது. இணையோட்டம்: இல்லை. சிரிப்பு: இல்லை. அவள் தன்னுடையதைப் பார்த்தாள், அவனுடையதைப் பார்த்தாள், கடைசியில் கருவளையம் மங்கியிருந்த அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கூடத்தான் ஓடுனேன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

"எங்கூட யாரும் வரலீங்க." அவள் சுவரில் தன் வரியைத் தொட்டாள். "முதல் நாளே உங்களுக்குப் பதினாலா?"

இரவு சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது, பராக்குப் பார்ப்பவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "இன்னைக்கு நீங்க மாடியிலயே ஓடிக்கங்களேன்."

"ராத்திரில ஓடாதீங்கன்னு நீதானே சொல்லுவே?"

"சொன்னேன். ஒருநாள் ஓடுனா ஒண்ணும் ஆயிராது."

"முடியாது வாணி. ஒரு ராத்திரி தூங்கிப் பார்த்துட்டேன். இனி விட மாட்டேன்." அது பாதி உண்மைதான். அவன் கண்ணை விட்டு அவளைத் தனியாக அந்தக் கரைக்கு அனுப்பவும் அவனுக்கு மனமில்லை.

"அப்ப சரி" என்றாள்.

இருவரும் உடையை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். பட்டையின் குளிர்ச்சி சாந்தமான தலையை உறங்கவைக்கும். உள்ளே கொதிக்கிற தலையிடம் அது செல்லாது. ஆள் நிஜமாகத் தூங்கினால்தான் உடையும் உடம்பைக் கிளப்பும். அவள் முதலில் போனால் பொன்னுரங்கம் அவளுக்கு. அவன் முதலில் போனால் அவனுக்கு. ஆனால் தூங்கிவிட்டால் மற்றவர் என்ன செய்கிறார் என்று எப்படித் தெரியும்? நல்லசிவம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தான். மூச்சு சீராகத்தான் வந்தது. அளவுக்கு மீறிச் சீராக வந்தது. பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. இரண்டு உடம்பும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மணிக்கு இருட்டில் அவள் குரல் கேட்டது.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

அவன் தூங்குகிறவன்போல் மூச்சை ஆழமாக இழுத்து, மெதுவாக விட்டான்.