உப்புத் தண்ணியில் போட்ட முட்டை

"பார்த்தியா? துள்ளுது!" என்றான் அருள்முருகன்.

ஓடு இல்லாத முட்டையை மேசைக்கு மேலே விரற்கடை உயரத்தில் பிடித்துக் கீழே விட்டான். அது ரப்பர் பந்து போல ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டான். அப்போதும் துள்ளியது.

"போதும் அருள்," என்றாள் பாக்யா.

"கடைசியா ஒண்ணு."

கடைசியாக விட்டது துள்ளவில்லை. 'பொதக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது. மஞ்சள் கரு மேசையில் ஓடி, அவர்கள் படம் வரைய வைத்திருந்த அட்டையின் ஓரத்தில் வந்து நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா வர்றதுக்குள்ள ஒரு துணி எடுத்துட்டு வா," என்றான் அருள் மெல்லிய குரலில்.

"இது உன் வீடு. துணி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதற்கான படத்தை வரையத்தான் பாக்யா உழவர்கரையில் இருக்கும் அருள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பில் நிர்மலா மிஸ் அவர்கள் இருவருக்கும் கொடுத்த தலைப்பு 'செல் சவ்வு'.

நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் முட்டை. முட்டையை இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்தால் ஓடு கரைந்துவிடும். உள்ளே இருக்கும் தோல் மட்டும் மிஞ்சும். அந்தத் தோலும் செல் சவ்வைப் போலவே தண்ணீரை உள்ளே விடும், வெளியேயும் விடும். தண்ணீரில் போட்டுவைத்தால் முட்டை பெரிதாகும்.

ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று மிஸ் ஆளுக்கொரு முட்டை கொடுத்திருந்தார். அந்த ஒன்று இப்போது உடைந்துவிட்டது.

மேசையைத் துடைத்து முடித்ததும், பாக்யா அருளின் அம்மாவுடைய போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள். அவள் வீடு கனகசெட்டிக்குளத்தில். அப்பா ராஜவேல் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அம்மா சாந்தி மீனை விற்பார். மிஞ்சியதைக் கருவாடு போடுவார்.

"அப்பா, அடுப்பு மேடையில பாட்டில்ல, வினிகர்ல ஊறுற முட்டை ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்குது. நான் தொடவே இல்லம்மா."

"இப்போ தொடணும்பா. மெதுவா வெளிய எடுத்து, கழுவி, உப்புத் தண்ணியில போட்டு வை."

"உப்புத் தண்ணிலயா?"

"ஆமாம்பா. நல்ல தண்ணி வேணாம். அம்மா திட்டும்."

"சரிம்மா. ஒடைக்காம எடுக்கறேன். நீ பயப்படாம படத்தப் போடு."

அவர்கள் தெருவில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் வரும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் கைப்பம்பு தண்ணீர். அது கொஞ்சம் உவர்ப்பாக இருக்கும். அதனால் பாக்யாவும் அவள் தோழிகளும் அதை உப்புத் தண்ணி என்றே சொல்வார்கள்.

போனை வைத்ததும் பாக்யாவுக்கு நிம்மதியாக இருந்தது. இருவரும் அட்டையில் சவ்வின் படத்தை வரையத் தொடங்கினார்கள்.

அங்கே அருள் சிக்கிக்கொண்டான். செல் சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குப் பிடிக்காது.

"அப்போ தலை உள்ளேயா, வெளியேயா? ஒவ்வொரு தடவையும் மறந்துபோகுது," என்று மூன்றாவது முறையாக அழித்தான்.

பாக்யாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. அது அவள் பழக்கம். ஒரு சொல் வாய்வரை வந்தால், இதை விடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்துப் பார்ப்பாள். இந்தப் பள்ளிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வீட்டைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும்.

அருள் நான்காவது முறை அழித்தான். அட்டை கிழிந்துவிடும் போலிருந்தது.

"எங்கம்மா வாளை மீன் காயப்போடும்போது ரெண்டு வரிசையா போடுவாங்க," என்றாள் பாக்யா. "தலை எல்லாம் வெளிப்பக்கம். வாலும் வாலும் நடுவுல பார்த்துகினு இருக்கும். அப்போதான் ரெண்டு பக்கமும் நின்னு தலையைப் பிடிச்சுப் புரட்டலாம். அதே மாதிரிதான் இதுவும்."

அருள் பென்சிலைக் கீழே வைத்தான். "இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு ரப்பர் மிச்சமாயிருக்கும்!"

"ஆனா இந்த மீனுக்கு ரெண்டு வாலு."

"இருக்கட்டும், போ. இனிமே எனக்கு மறக்காது."

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. வரிசையின் நடுவே அங்கங்கே புரதங்களை வரைந்தார்கள். சில பொருள்கள் உள்ளே வரவும் வெளியே போகவும் அவைதான் வழி. அருள் அவற்றுக்கு ஆரஞ்சு நிறம் அடித்தான்.

பாக்யா வீட்டுக்கு வந்து சேரும்போது மணி நாலரை. வாசலிலேயே அப்பா காத்திருந்தார்.

"ஒரு கீறல்கூட இல்லாம எடுத்துட்டேன். வந்து பாரு!"

அவர் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். பாக்யா கைப்பம்பைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் எதுவும் இல்லை. அப்பா நீல டிரம் பக்கம் போனார். கருவாட்டுக்காக மீன் உப்புக் கரைசலில் ஊறுகிற டிரம் அது. பக்கத்தில் ஒரு குண்டான் மூடியிருந்தது.

"மீனோட போட்டா நசுங்கிடும்னு, டிரம்ல இருந்து தண்ணிய மட்டும் மொண்டு தனியா வச்சேன்," என்று அப்பா மூடியைத் திறந்தார். "கெட்டுப்போவக் கூடாதுன்னு ரெண்டு பிடி உப்பு கூடவே போட்டேன்."

முட்டை மிதந்துகொண்டிருந்தது. காற்றுப் போன பலூன் போலச் சுருங்கி, ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது.

பாக்யாவின் வாய்வரை ஒரு சொல் வந்துவிட்டது. 'ஏன்பா இப்படிச் செஞ்சே?' அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"இன்னாம்மா? தப்பா?"

"நான் சொன்னது பம்புத் தண்ணிப்பா."

அப்பா பம்பைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். "ரெண்டும் உப்புத் தண்ணிதானே..." என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "காலையில நான்தான் மீனை உப்புத் தண்ணியில போடுன்னு சொன்னேன். அதே நெனப்புல இருந்திருப்பாரு மனுசன்."

"ஓடிப்போய் பத்து முட்டை வாங்கியாரட்டுமா?"

"ஓடு கரையவே ரெண்டு நாள் ஆவும்பா. நாளைக்குக் காலையில வேணும்."

அப்பா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளால், அவ்வளவு மெல்லிய தோலில் ஒரு கீறல் விழாமல் முட்டையை எடுத்திருக்கிறார். முட்டையைவிட அப்பாவின் முகம்தான் பாக்யாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் கரண்டியால் முட்டையை மெல்லத் தூக்கினாள். தொளதொளவென்று இருந்தது. ஆனால் எங்கும் கிழியவில்லை. உடைந்து ஒழுகவும் இல்லை. அப்படியானால் உள்ளே இருந்த தண்ணீர் எப்படிப் போனது? தோல் வழியாகத்தான். வெளியே உப்பு அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டது.

அவள் அதை ஒரு கிண்ணத்தில் வைத்து உள்ளே கொண்டுபோனாள். அம்மா ராத்திரிக் குழம்புக்காகக் கருவாட்டைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். போடும்போது கட்டை போலிருந்திருக்கும். இப்போது துண்டுகள் ஊறிப் பருத்திருந்தன.

பாக்யா கருவாட்டைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு நல்ல தண்ணி வேணும். நிறைய."

"ஒரு கொடம்தான் இருக்குது. இனி காலையிலதான் வரும்."

"உப்பே இல்லாத தண்ணியா இருந்தா முட்டை திரும்ப உள்ள இழுத்துக்கும்மா. தோல் கிழியல. போன வழியிலயே வரும்."

அம்மா குடத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். "எடுத்துக்க. குடிக்க ரெண்டு சொம்பு மட்டும் வையி. குழம்பைப் பம்புத் தண்ணியிலயே வச்சிடறேன். உப்பு போடற வேலை மிச்சம்."

பாக்யா பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றினாள். முட்டையை உள்ளே விடப்போனவள் நின்றாள். வளர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அம்மாவின் போனில் முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, இங்க வா. வலை நூல் கொண்டா. இந்த முட்டையைச் சுத்தி அளக்கணும். இதுக்கு உன் கைதான் சரி."

அப்பா எழுந்து வந்தார். நூலை முட்டையின் மேல் பட்டதும் படாததுமாகச் சுற்றி, சரியாக அது முடியும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அவ்வளவு சின்ன முடிச்சை பாக்யா பார்த்ததே இல்லை.

பிறகு அருளுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னதும் அவன் கத்தினான். "செத்தோம்! யாரு போட்டது அதை?"

அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். போனிலிருந்து வந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"நான்தான் சரியா சொல்லல," என்றாள் பாக்யா. யோசித்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. "ஆனா சரியாயிடும்னு நெனக்கறேன்."

"நெனக்கறியா?"

"நீ உன் முட்டையை என்ன செஞ்சேன்னு மிஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"சரி, சரி. சரியாயிடும்," என்றான் அருள் அவசரமாக.

அந்த மாலை முழுக்க அப்பா பாத்திரத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

"பாலா பொங்குது? சும்மா இருய்யா," என்றார் அம்மா. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆறரை மணிக்குக் குழி கொஞ்சம் நிமிர்ந்தது. பாக்யா தண்ணீரை மாற்றினாள். ஏழரைக்குச் சுருக்கம் குறைந்தது போலிருந்தது. போலிருந்தது மட்டும்தான், ஆசையில் கண் எதையும் காட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் அவளை எழுப்பியது அப்பாவின் குரல். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை.

"பாக்யா! எழுந்து வா, பாரு!"

முட்டை பாத்திரத்தில் உருண்டையாக, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே மஞ்சள் கரு அசைவது தெரிந்தது. அப்பா நூலைச் சுற்றினார். முடிச்சு எட்டவில்லை. ஒரு விரல் அகலத்துக்கும் மேலே இடைவெளி இருந்தது. அங்கே இரண்டாவது முடிச்சுப் போட்டார்.

பாக்யா மூச்சை விட்டாள். நேற்று நாலரை மணியிலிருந்து அதைப் பிடித்தே வைத்திருந்தது போலிருந்தது.

பேருந்தில் பாத்திரத்தை அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம் தூக்கிப் பிடித்தார். பள்ளிக்கு வந்ததும் அதை அருளிடம் கொடுத்துவிட்டு, "நான் இங்கயே நின்னுக்கறேன்," என்று வகுப்பு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே பெரிய பெரிய ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த பேராசிரியை ஒருவர் அவர்கள் மேசைக்கு வந்தார். அருள் படத்தைக் காட்டி, வாளை மீன், வால், தலை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே முட்டைப் பக்கம் திரும்பினார்.

"இது செல் சவ்வா?"

"இல்லீங்க மேடம்," என்றாள் பாக்யா. "செல் சவ்வு கண்ணுக்குத் தெரியாது. இது முட்டையோட தோல். தண்ணியை விடறதுல மட்டும் அது மாதிரி."

கையோடு கொண்டுவந்திருந்த அம்மாவின் போனில், சுருங்கிய முட்டையின் படத்தை அவள் காட்டினாள். நூலின் இரண்டு முடிச்சுகளையும் காட்டினாள். பேராசிரியை நூலை விரலில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் முட்டையைப் பெருசாக்கிக் கொண்டுவருவாங்க. சுருக்கிட்டு, அதே முட்டையைத் திரும்பப் பெருசாக்கினது நல்லா இருக்கு. முதல்ல உப்புத் தண்ணியில போடணும்னு யாருக்குத் தோணுச்சு?"

அருள் பாக்யாவைப் பார்த்தான். பாக்யாவின் வாய்வரை சொல் வந்தது. இந்த முறை அவள் அதை நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை.

"எங்கப்பாவுக்கு மேடம். நான் தண்ணியைத் தப்பா சொல்லிட்டேன். அவரு டிரம்ல இருந்து உப்புத் தண்ணி எடுத்து, ரெண்டு பிடி உப்பும் கூடப் போட்டுட்டாரு. முடிச்சும் அவரு போட்டதுதான். அதோ, வெளிய நிக்கறாரு."

"வெளிய ஏன் நிக்கறாரு? கூப்பிடு. இந்த முடிச்சை எப்படிப் போட்டாருன்னு நான் கேக்கணும்."

"அப்பா!" என்று பாக்யா கூப்பிட்டாள். வகுப்பே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

அப்பா ஒருமுறை பின்னால் திரும்பி, தன்னைத்தானா கூப்பிடுகிறாள் என்று பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.