இடப்பக்கம் ஒரு எட்டு

இடுப்பில் பழைய முறிவு குத்தியது. அருளானந்தம் வாசலில் நின்று, பனியில் வழுக்காத ஆணிச்சப்பாத்தின் வாரை மூன்றாம் தடவையாக இழுத்துப் பார்த்தார். நடுங்கும் விரலுக்கு அது அகப்படவில்லை. மனைவி தவமலர் குனிந்து இறுக்கிவிட்டாள்.

“கையைப் பொக்கற்றுக்க விடாதேங்கோ. திரும்பேக்க அகலமாத் திரும்புங்கோ.”

“தெரியும்.”

“போன மாசமும் தெரியுமெண்டுதான் சொல்லிப்போட்டு விழுந்தனீங்கள்.”

இன்னொரு தடவை விழுந்தால் நகரசபை அவரைத் தெற்கே பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடும். கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது.

நோர்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்ற கால்கள் அவை. பார்க்கின்சன் வந்தபின் நடு வழியில் நிலத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கால் நிற்கும், உடம்பு முன்னே போகும். பங்குனி வெயிலில் உருகி மறுபடி உறைந்த பனியில் அப்படி நின்றால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

அதற்குத்தான் நடைப்பாலம். இருவர் பிடரியிலும் ஒட்டுகிற சின்ன வில்லை. ஒருவர் மூளையில் பிறக்கும் நடையை இன்னொருவர் காலுக்குக் கடத்தும். கடத்தி முடியும்வரை கொடுப்பவரின் கால் அசையாது. இருவரின் தாளமும் பொருந்த வேண்டும். தவமலரோடு பொருந்தவில்லை, மகனோடும் இல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே நின்று கோட் மீன் வெட்டிய கிருபைராசாவோடு பொருந்தியது.

கொடுப்பவர் பூட்டிய அறையில் உட்கார வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தால், இன்னும் தொழிற்சாலையில் மீன் வெட்டும் கிருபைக்கு அரைமணி வேலை போகும்.

“நாள் முழுக்க ஒரே இடத்தில நிண்டு வெட்டுறவனுக்குக் கால் என்னத்துக்கு மச்சான்? சும்மா கிடக்கிறதை எடுத்து நட” என்றார் கிருபை. அருளானந்தத்துக்கும் அது சரியாகவே பட்டது. இருவருக்கும் வேலை என்றால் நிற்பதுதான்.

அன்று சிகிச்சை நிலையத்துக்கு இறங்கும் சரிவில் பாதி வந்துவிட்டார். பாதம் முழுதும் படிய, குட்டிக் குட்டி எட்டுகள். கிருபையோடு பேசும் காதுப்பொறியில் தொழிற்சாலைக் கத்திகளின் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கத்தினார்கள், கிருபை, விலகு என்று.

“என்ன அங்க?”

“ஐஸ்பெட்டி அடுக்கு சரியுது. நீ எங்க நிக்கிறாய்?”

“நடுச் சரிவில. நீ நடையைத் திருப்பி எடு.”

“வேலியைப் பிடிச்சிட்டியோ?”

“இன்னும் நாலு எட்டு.”

“அப்ப நட.”

அருளானந்தம் தன் கால்களை நிறுத்தப் பார்த்தார். அவை அவருடையவை அல்ல, நடந்தன. நாலாவது எட்டில் கை வேலியைப் பற்றியது. காதில் பெட்டிகள் விழுந்தன.

கிருபையின் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மாத முடிவில் நகரசபை, பனியில் ஒருவரும் விழவில்லை, நடைப்பாலம் வெற்றி என்று அறிவித்தது. தொழிற்சாலைக்குள் பனி இல்லையே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிருபை வில்லையைக் கழற்றவில்லை.

“தலைக்குள்ள நடை அப்பிடியே கிடக்கு. எனக்கு இனி என்னத்துக்கு? பனி கரையிற மட்டும் நட.”

அருளானந்தம் வீட்டுக்குத் திரும்பியதும் அந்த நடையில்தான். விழவில்லை. வாசலில் தவமலர் வாரை அவிழ்க்கும்போது தன் இடக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் சரிந்தபோது தப்புவதற்குக் கிருபை எடுத்து வைத்திருக்க வேண்டியது இடப்பக்கம் ஒரே ஒரு எட்டு. அந்த ஒரு எட்டை அருளானந்தம் இன்னும் கடன்பட்டிருக்கிறார்.