மச்சக்காரன்

முந்தாநாள் வரை கணவனின் காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைக் காணவில்லை.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. போன வாரம் திடீரென்று முளைத்த மச்சம். "சரியான மச்சக்காரன்தான் நீங்க!" என்று அவள்தான் கேலி செய்தாள். அது பயறு அளவுக்குப் பருத்ததையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

மதிய வெயில் திரைச்சீலையைச் சுட, மின்விசிறி கிறீச்சிட, பழுதுபார்க்க அவன் வாங்கி வந்து கூடத்தில் போட்டிருந்த பழைய சோபாவிலிருந்து நனைந்த நாயின் வாடை படுக்கையறை வரை வந்துகொண்டிருந்தது. சோபா தைப்பதுதான் அவன் பிழைப்பு. யார் வீட்டு நாய் புரண்டதோ!

காய்ச்சல் வந்து நாலு நாள். மணிக்கட்டில் தொடங்கிய சிவப்புப் புள்ளிகள் இன்று உள்ளங்கையிலும் இருந்தன. நேற்று டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீட்ல நாய் வளக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப அலர்ஜிதான்."

களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவரோட மச்சத்தைக் காணோம்."

விவரம் கேட்டதும் அக்கா கத்தினாள். "அடிப்பாவி, அது மச்சமில்லடி, உண்ணி! வயிறு முட்ட ரத்தம் குடிச்சதும் தானா உதிர்ந்துடும். உள்ளங்கையிலயும் புள்ளியா? அப்ப இது உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்தான். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!"

சிரித்த தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. வண்டிக்குச் சொன்னாள். அவனை உட்கார வைத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

அப்போதுதான் உறைத்தது.

சோபா.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று, நாலு நாளாக மகள் படுப்பது அதில்தான்.

கூடத்துக்கு ஓடினாள். வாடை மூக்கை அடைத்தது. மகள் சோபாவில் முதுகு காட்டி உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"எந்திரிடி! எந்திரி!"

"அம்மா, நானும் மச்சக்காரிதான். தொட்டுப் பாரேன்!"

சிரித்தபடி பின்னலைத் தூக்கிக் காட்டினாள்.

ஒன்று. அதன் கீழே இன்னொன்று. முடியோரம் வரிசையாக.

கடைசி மச்சம் மெல்லக் கால்களை ஊன்றி, காதுப்பக்கம் நகர்ந்தது.