ஆதிப்புள்ளி தமயந்தி பேரில்

நிலவின் தென்முனைப் பட்டறையில் உருளைக் கம்பியைச் செதுக்க வருகிறவர்கள் முதலில் வெற்றிட உடையை மாட்டிக்கொள்வார்கள். உள்ளே காற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் அதுதான் வழக்கம். தமயந்தி நான்கு மாத வயிற்றின் மேல் பட்டையைத் தளர்த்திக்கொண்டு கணினி வழி வெட்டும் சிஎன்சி இயந்திரத்தின் முன் வந்து நின்றாள். திரையில் ஆதிப்புள்ளி ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பெயர்: ஜோதிராஜ்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னிக்கு என் முறைங்க. யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"இந்த நெலமையில நீ எறங்கக் கூடாது அம்மிணி," என்றான் பக்கத்தில் நின்ற கணவன் ஜோதிராஜ்.

இறங்குவது, பனிக்கட்டி வெட்டும் பள்ளத்துக்குள். அங்கே ஆளை இறக்கும் மின்தூக்கிக்குத்தான் இந்தக் கம்பியில் செதுக்கும் தண்டு. வெட்டுவதெல்லாம் இயந்திரம், எங்கிருந்து அளப்பது என்கிற ஆதிப்புள்ளியை மட்டும் மனிதர் வைக்க வேண்டும். வைத்தவர்தான் முதல் ஆளாக அதில் ஏற வேண்டும். பொறுப்பு யாருடையது என்றே தெரியாமல் ஒரு தூக்கி விழுந்தபோது பிறந்த சட்டம் அது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

"நடு எப்படி எடுத்தீங்க?"

"ஒரு பக்கம் தொட்டேன். அம்பது மில்லி கம்பி, பாதி இருபத்தஞ்சு."

பழைய ராக்கெட்டை உருக்கி வார்த்த கம்பி அது. ஐம்பது என்பது ஒட்டியிருந்த சீட்டில்தான். அவள் அளந்தாள்: நாற்பத்தொன்பதரை.

"கால் மில்லி தப்பு. தண்டுல வெட்டற காடி ஓரமா விழுந்தா, சக்கரத்தைத் தண்டோட பூட்டற சாவிக்கட்டை நேரா உக்காராது. பாரம் ஏறினா பிச்சுக்கும். அதுல ஏறப் போறது நீங்க!"

ஜோதிராஜின் முகம் வெளுத்தது. "தள்ளு, நானே திருத்தறேன்."

"என் முறைன்னு சொன்னேன்ல, நகருங்க."

இயந்திரத்தின் தொடுமுனையால் கம்பியின் ஒரு பக்கத்தைத் தொட்டாள். மறுபக்கத்தையும் தொட்டாள். இடைத்தூரத்தைப் பாதியாக்கிப் பதித்தாள். கம்பி எவ்வளவு இளைத்திருந்தாலும் நடு நடுதான். திரையில் பெயர் மாறியது.

மதியம், வெட்டி முடிந்த தண்டைத் தூக்கியில் பொருத்தினார்கள். தமயந்தி தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டு தூக்கியில் ஏறினாள். ஜோதிராஜும் உடையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"நீங்க எதுக்குங்க?"

"முதல் ஆள் யாருன்னுதான் சட்டம். ரெண்டாவது ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்லலயே. நீ வெச்ச நடு."

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். மூன்று பேரையும் சுமந்து தூக்கி இறங்கியது. தண்டு முனகக்கூட இல்லை.